சாம்பல் ஊதாத வயிறு

“வெளியூர்லேர்ந்து வர்றவனுக்குத் தெரியாதது உனக்கு என்னம்மா தெரியும்?”

நேர்முகத் தேர்வில் டான்சோ சார் அகான்லியிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவள் மலேரியாவைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போயிருந்தாள். பேதி கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் எந்த அளவில் கரைக்கவேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“எங்க ஊர்ல யார்கிட்ட எதைக் கேக்கக் கூடாதுன்னு தெரியும் சார்,” என்றாள் அகான்லி. பயத்தில் வாய்க்கு வந்தது அது.

டான்சோ சார் சிரித்துவிட்டார். வேர்க்கடலை அம்மாள் சிரிக்கவில்லை. “இந்தப் பொண்ணுக்கு ஒரு இடம் போடுங்க,” என்றாள்.

டாக்டர் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கென்று மருத்துவ உதவியாளர்களைத் தயார் செய்யும் பள்ளி அது. டாக்டர் செய்கிற வேலையில் முக்கால்வாசியை இவர்கள் செய்யவேண்டும். நோயாளியைப் பார்க்கவேண்டும், மருந்து கொடுக்கவேண்டும், கிழிந்ததைத் தைக்கவேண்டும். தன்னால் ஆகாததை ஆகாது என்று கண்டுகொண்டு நேரத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம் என்று டான்சோ சார் சொல்வார்.

நாட்டின் வடகோடியில் இருக்கும் அவள் ஊர் கோசாங்காவுக்கு அதற்குமுன் தெற்கிலிருந்து மூன்று பேரை அனுப்பிப் பார்த்திருந்தார்கள். ஒருவன் புழுதிக்காற்று தொடங்கியதும் இருமிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தான். இன்னொருத்தி கல்யாணத்துக்கென்று தெற்கே குமாசி நகரத்துக்குப் போனவள், போனவள்தான். மூன்றாமவன் தங்கக் கொடுத்த வீட்டைப் பார்த்துவிட்டு வண்டியிலிருந்து பெட்டியைக்கூட இறக்கவில்லை. அதன்பிறகு சுகாதார நிலையத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அந்தந்த ஊர்ப் பிள்ளைகளையே எடுத்துப் படிக்கவைத்துத் திருப்பி அனுப்பினால் என்ன என்று பள்ளிக்கு யோசனை வந்தது அப்படித்தான். அகான்லியை எடுத்ததும் அதற்குத்தான்.

கடைசி வருஷத்தைச் சொந்த ஊரில் வேலை செய்து கழிக்கவேண்டும். மாதம் ஒருமுறை டான்சோ சார் பிக்கப் வண்டியில் வந்து பார்ப்பார். “ஆம்பளைங்க எங்க வேணா போவாங்க. பொம்பளைங்க உன்கிட்ட வர்றாங்களான்னு மட்டும்தான் நான் பார்ப்பேன்,” என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். “வந்தா கோசாங்காக் கதவு திறந்திருக்கும். வரலேன்னா பள்ளிக்கூடம் வேற ஊரைப் பார்த்துக்கும். அப்புறம் இந்தப் பக்கம் யாரும் திரும்ப மாட்டாங்க.”

பெண்கள் வந்தார்கள்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. தெற்கத்தியான் வந்தவுடனே “என்ன செய்யுது?” என்று கேட்பான். சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருக்கும். அகான்லி வீடு எப்படி என்று கேட்பாள். வீட்டு ஆட்கள் எப்படி, குளிர் எப்படி, கினிக்கோழி முட்டை வைக்கிறதா என்று கேட்பாள். ஒவ்வொன்றுக்கும் “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்று பதில் வரும். எல்லாம் நல்லாயிருந்து முடிந்தபிறகு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, நோய் தானாக வாயைத் திறக்கும்.

“நீ வைத்தியம் பாக்கறியா, பொண்ணு பாக்க வந்திருக்கியா?” என்று அயாரிக் கேலி செய்வான். பெருக்குவது, மாத்திரை எண்ணிக் கொடுப்பது, சண்டைக்காரர்களை வரிசையில் உட்காரவைப்பது எல்லாம் அயாரிக்தான். அவளுடைய அப்பா வயது அவனுக்கு.

“அரை டாக்டர்தானே மாமா, அதான் நேரமாகுது.”

“கோசாங்கா முழு டாக்டரை எங்க கண்டுது? எங்களுக்கு அரைதான் முழுசு.”

அறுவடை முடிந்து கம்பந்தட்டைகள் வயலில் நின்றுகொண்டிருந்த சமயம், அவென்போக் தன் மருமகள் லாரிபாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவென்போக்கின் வீடு பெரிய வீடு. அவள் ஒரு சொல் சொன்னால் ஐந்தாறு வளவுப் பெண்கள் அதைக் கேட்பார்கள். லாரிபா அந்த வருஷம்தான் கல்யாணமாகி வந்தவள். புருஷன் தெற்கே தங்கக் குழியில் இறங்கப் போயிருந்தான்.

அவென்போக் ஓரடி முன்னால் நடந்தாள். பின்னால் வந்த லாரிபா வலது அடிவயிற்றில் கையை வைத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“வீடு எப்படி அத்தை?”

“நல்லாருக்கு.”

“பிள்ளைங்க?”

“நல்லாருக்காங்க.”

“தெற்கே போனவரு?”

“சேதி வந்துது. நல்லாருக்கான்.” அவென்போக் துணியை இழுத்துச் செருகிக்கொண்டாள். “இவளுக்குக் காய்ச்சல் மகளே. அறுவடை வெயில்ல நின்னா. மாத்திரை குடு, போறோம்.”

“எங்கம்மா வலிக்குது?”

லாரிபா மாமியாரைப் பார்த்தாள். பிறகு, கையை எடுக்காமலே, “இங்க,” என்றாள்.

பெண், குழந்தை பெறுகிற வயது, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்று டான்சோ சார் வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறார். “தலை நரைச்சிருந்தாலும் கேளு. கன்னியாஸ்திரியா இருந்தாலும் கேளு. அறைஞ்சா வாங்கிக்கோ, அப்புறமும் கேளு.” வகுப்பே சிரித்தது. அகான்லியும் சிரித்தாள்.

நாள் தள்ளிப் போயிருக்கிறதா? அவ்வளவுதான் கேள்வி.

ஆனால் லாரிபாவுக்கு இன்னும் சாம்பல் ஊதவில்லை. முதல் வயிறு, அதாவது முதல் கர்ப்பம் என்றால், புருஷனுடைய அக்காவோ தங்கையோ வந்து, அவள் எதிர்பார்க்காத நேரத்தில் ஒரு பிடி அடுப்புச் சாம்பலை அவள்மேல் ஊதி, “உனக்கு வயிறு வந்திருக்கு,” என்று சொல்லவேண்டும். அதுவரைக்கும் யாரும் அதை வாயால் சொல்லக் கூடாது. பெற்ற தாய் சொல்லக் கூடாது. புருஷன் சொல்லக் கூடாது. அவளே சொல்லக் கூடாது. காலையில் களஞ்சியத்துக்குப் பின்னால் போய் அவள் வாந்தி எடுப்பதை வளவு முழுக்கப் பார்க்கும். ஆனால் கேட்டால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முந்திக்கொண்டு சொன்னால் வயிறு கலையும். அகான்லி பிறந்ததிலிருந்து அறிந்தது இது. யாரும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. நெருப்பு சுடும் என்பதைப்போல அது.

சிறுநீரில் நனைத்துப் பார்க்கிற சோதனைப் பட்டை இருந்திருந்தால் “உப்பு இருக்கான்னு பாக்கறேன்” என்று ஏதாவது சொல்லி வாங்கிப் பார்த்திருப்பாள். அது தீர்ந்துபோய் நாளாகிவிட்டது. டான்சோ சார் கொண்டுவரவேண்டும்.

“அத்தை, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்களேன். நான் வயித்தை அமுக்கிப் பாக்கணும்.”

“அமுக்கேன். என் மருமக வயித்தை நான் பாக்காததா?” அவென்போக் பல் தெரியச் சிரித்தாள். அசையவில்லை.

அகான்லி அமுக்கினாள். லாரிபா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மலேரியா சோதனை செய்ததில், நோய் உண்டு என்று இரண்டு கோடு வந்தது. கோசாங்காவில் யாருக்குக் குத்தினாலும் இரண்டு கோடு வரும். ஆனாலும் அந்த இரண்டாவது கோட்டைப் பார்த்தபோது, வெயிலில் வந்தவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கிடைத்தது மாதிரி இருந்தது அவளுக்கு. காய்ச்சல்தான். சொன்னார்களே.

இருந்தும் மனசு ஒப்பவில்லை. மாத்திரையை மடித்துக் கொடுக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டாள்.

“ஆசிபி அக்கா எப்ப வர்றாங்க அத்தை?”

ஆசிபி, அவென்போக்கின் மூத்த மகள். அவள்தான் ஊதவேண்டியவள்.

அவென்போக் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் புரிந்தது. “சந்தைக்கு மறுநாள்,” என்றாள் அவென்போக். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

சந்தை நாளைக்குத்தான். நாளை மறுநாள் சாம்பல் ஊதிவிடுவார்கள். அப்புறம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். “அக்கா வந்த அன்னிக்கே இவளை என்கிட்ட கூட்டிட்டு வாங்க,” என்றாள் அகான்லி. “உடனே. சாப்பாட்டுக்குக்கூட நிக்க வேணாம்.”

“நீ வளர்ந்த வளர்ப்பு தெரியுது மகளே,” என்று அவென்போக் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் எதற்கென்று சொல்லி அனுப்புவது? காய்ச்சலுக்கா? அப்படிக் கேட்டுக்கொண்டே அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் சந்தை. உச்சி வெயிலில் ஒரு மூன்று சக்கர வண்டி சுகாதார நிலையத்து வாசலில் வந்து நின்றது. வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டு லாரிபாவை ஏற்றியிருந்தார்கள். வெங்காயத் தோல் அவள் தலைமயிரில் ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. வயிறு பலகை மாதிரி இருந்தது.

“அக்கா, தோளு வலிக்குது,” என்றாள் லாரிபா. “வயித்துல இல்ல. தோளுல.”

அப்போது அகான்லிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உள்ளே ரத்தம் நிறைந்து மேலே முட்டினால் தோள்தான் வலிக்கும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை கிடைத்தது. சலைன் பாட்டிலை அயாரிக் உயர்த்திப் பிடித்துக்கொள்ள, அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். தார்ச்சாலை வருவதற்குள் லாரிபா பேச்சை நிறுத்தினாள். தார்ச்சாலை வந்தபிறகு வண்டி வேகமாகப் போனது. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

டான்சோ சார் அந்த வாரமே வந்தார். அறையில் உட்காரவில்லை. பிக்கப் வண்டியின் பின்பலகையில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டார்.

“கேட்டியா?”

“இல்ல சார்.”

“ஏன்?”

“சாம்பல் ஊதல.”

“என்ன சாம்பல்?”

அவள் சொன்னாள். அவர் கடைசிவரைக்கும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

“குமாசிலேர்ந்து ஒரு முட்டாப்பயலை இங்க அனுப்பியிருந்தா, அவன் நேரா கேட்டிருப்பான். அவனை அடிச்சுத் துரத்தியிருப்பாங்க. ஆனா அந்தப் பொண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பான்.”

“அவன்கிட்ட அவ வந்திருக்கவே மாட்டா சார்.”

அவர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். அயாரிக் வண்டியிலிருந்து கையுறைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

“பட்டை கொண்டுவந்தீங்களா சார்? சிறுநீர்ப் பட்டை?”

“இல்லம்மா. இந்தத் தடவை மாவட்டத்துக்கே வரல.” அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். “உன்னை நிறுத்தணும்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்க. வேணாம்னு நான் சொல்லியிருக்கேன். உன்னை எடுத்தா இங்க வேற யாரும் இல்ல. மாசக் கடைசில வர்றேன். இனிமே கேப்பியா?”

“கேப்பேன்.”

“யார் இருந்தாலும்?”

“யார் இருந்தாலும்.”

துக்கம் கேட்க அவள் அவென்போக் வீட்டுக்குப் போனாள். கல் எறிவார்களோ என்ற பயத்தோடுதான் போனாள். அவென்போக் எழுந்து வந்து அவளைக் கைப்பிடித்து உட்காரவைத்தாள். சுரைக்குடுவையில் சோளக் கள் வந்தது. ஆசிபி ஒரு மூலையில் இன்னும் பிரிக்காத பயணப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

“நீ அழாத,” என்றாள் அவென்போக். “உன்மேல ஒரு குத்தமும் இல்ல. வேற எவளாவது இருந்தா என் வீட்டு வயித்தை வாயால உடைச்சிருப்பா. நீ மானம் காத்த.”

அந்தச் சொல்லைத்தான் அகான்லியால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் குனிந்து வாங்கிக்கொண்டு வந்திருப்பாள்.

“அத்தை, நான் கேட்டிருந்தா அவ பொழைச்சிருப்பா.”

“என்னன்னு கேட்டிருந்தா?”

“உங்களுக்குத் தெரியும். கரு இருக்கவேண்டிய இடத்துல இல்ல. கர்ப்பப்பைக்கு வர்ற வழியிலயே, குழாயில தங்கிடுச்சு. அங்க இடம் பத்தாது. வெடிச்சிடும். முன்னாடியே தெரிஞ்சா ஆஸ்பத்திரியில அறுத்து எடுத்திருப்பாங்க.”

பக்கத்திலிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“வெடிக்குமா?” என்றாள் அவென்போக்.

“ஆமா அத்தை.”

“சும்மா எப்படி வெடிக்கும்? ஆசிபி வர்றதுக்கு முன்னாடி யாரோ சொல்லியிருக்காங்க. அதான் வெடிச்சிருக்கு.”

“இல்ல அத்தை, அது வேற. யாரும் சொல்லாட்டியும்…”

“யாரு சொன்னா?” என்றாள் அவென்போக், பெண்களைப் பார்த்து. அவள் பார்வை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி அகான்லியின் முகத்தில் வந்து நின்றது. அதில் கோபம் இல்லை. எதையோ நினைவுபடுத்திக்கொள்கிற முகம் அது.

“நீதான ஆசிபி எப்ப வர்றான்னு கேட்ட?”

அகான்லி குடுவையைக் கீழே வைத்தாள். மூலையில் ஆசிபி பையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை. கிணற்றடியில் பார்த்தால் வீடு எப்படி, குளிர் எப்படி என்று கேட்டார்கள். அவளும் நல்லாருக்கு, நல்லாருக்கு என்றாள். காலில் மண்வெட்டி பட்ட ஆண்கள் வந்தார்கள். பாம்பு கடித்த ஒருவன் வந்து பிழைத்துப் போனான். பெஞ்சில் பெண்கள் உட்காரும் பக்கம் மட்டும் காலியாக இருந்தது. கைக்குழந்தைக்குப் பேதி என்றால்கூட அப்பன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். குழந்தை பால் குடிக்கிறதா என்று கேட்டால், “அவளைக் கேக்கணும்,” என்றான்.

“பொம்பளைங்க எல்லாம் ஒரே நேரத்துல குணமாயிட்டாங்க போல,” என்றான் அயாரிக். கேலியாகத்தான் ஆரம்பித்தான், பாதியில் குரல் இறங்கிவிட்டது. “என் வீட்டுக்காரியே வரமாட்டேங்கறா டாக்டர். முட்டிவலி. எண்ணெய் தேய்ச்சுக்கறேன்ங்கறா.”

மாசக் கடைசியில் டான்சோ சார் வந்தார். பெஞ்சைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அறைக்குள் ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் யாரும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன முடிவெடுத்திருக்கிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்று மாலைக்குள் ஒரு பெண்ணாவது வந்தால் அவர் போய்ச் சொல்ல ஒன்று இருக்கும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

வெயில் சாயும்போது தெனி வந்தாள். கூடவே அவள் ஓரகத்தியும். தெனி அகான்லியின் சித்தி மகள். பக்கத்து வளவில் வாழ்க்கைப்பட்டுச் சில மாதம்தான் ஆகிறது. சொந்தம் என்பதால் துணிந்து வந்திருக்கவேண்டும். ஊர் பார்க்காதபடி கொல்லைப்பக்கமாகச் சுற்றி வந்திருந்தாள். பாவாடைத் துணியில் ஒட்டுப்புல் ஏறியிருந்தது. அயாரிக் அவசரமாகப் பெஞ்சைத் துடைத்தான்.

“வீடு எப்படி தெனி?”

“நல்லாருக்கு அக்கா.”

“வீட்டு ஆளுங்க?”

“நல்லாருக்காங்க.”

“சித்தி எப்படி இருக்கா?”

“உன்னைப் பாத்தா திட்டச் சொன்னா. ரெண்டு மாசமா அவ வீட்டுப்பக்கம் போகலியாம் நீ.”

ஓரகத்தி சிரித்தாள். தெனியும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்று கை அடிவயிற்றுக்குப் போனது. இடது பக்கம். அகான்லி அந்தக் கையைப் பார்த்தாள். மூலையில் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

“எப்போலேர்ந்து?”

“மூணு நாளா. சூட்டு வலிதான். ஏதாவது மாத்திரை இருந்தா…”

தெனிக்கும் சாம்பல் ஊதவில்லை. ஊதியிருந்தால் சித்தி சொல்லியனுப்பியிருப்பாள்.

அகான்லி முழங்காலிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சொல்லை எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது அந்தச் சொல்தான் என்று தெரிந்தே சொன்னாள்.

“தெனி, உனக்கு நாள் தள்ளிப் போயிருக்கா? வயித்துல இருக்கா?”

அயாரிக் கையிலிருந்த துணியோடு வெளியே போய்விட்டான். ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வாயிலிருந்து கையை எடுத்து தெனியின் காதைப் பொத்தினாள், ஏதோ இன்னும் நேரம் இருக்கிற மாதிரி.

“நீ பதில் சொல்லவேணாம்,” என்றாள் அகான்லி. “தலையைக்கூட ஆட்டவேணாம். சார் வண்டி வாசல்ல நிக்குது. ஏறி உக்காரு, போதும். நானும் வர்றேன். அங்க போய் ஒரு படம் எடுத்துப் பார்த்துட்டு, ஒண்ணும் இல்லேன்னா திரும்பி வந்துடலாம். சித்திகிட்ட நான் பேசிக்கறேன். தெனி. லாரிபா இப்படித்தான் வந்தா. இதே மாதிரிதான் கை வச்சிருந்தா.”

செத்தவளின் பெயரையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிட்டோம் என்பது சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

தெனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுப்பு இல்லை அந்தப் பார்வையில். சின்ன வயதில் ஓடையில் குளிக்கும்போது அகான்லி கால் வழுக்கி ஆழத்துக்குப் போய்விட்டால் தெனி கரையில் நின்று இப்படித்தான் பார்ப்பாள். டான்சோ சார் எழுந்து நின்றார். வண்டிச் சாவி அவர் கையில் இருந்தது. அவருக்கு அவர்கள் பாஷையில் கூப்பிடத் தெரியாது.

தெனி தன் கைகளை மெல்ல உருவிக்கொண்டாள். எழுந்தாள். இடுப்புத் துணியை அவிழ்த்து, வயிற்றுக்கு மேலே ஏற்றி, இறுக்கிக் கட்டினாள். ஓரகத்தி முன்னால் போக, வாசலில் நின்ற வண்டியைச் சுற்றிக்கொண்டு, அறுத்த கம்பந்தட்டைகளுக்கு நடுவே, இடது பக்கமாகச் சற்றே சாய்ந்தபடி, நடந்து போனாள்.